பெரியமலை ஏறப் போன நாலு பேர்

எழுபதுகளின் தொடக்கத்தில் பென்னாகரத்தில் நாங்கள் நாலு பெண்கள் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நாலு பேருக்கும் சர்க்கார் வேலை. நாலு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஒருத்தி மட்டும் அப்படி இருந்திருந்தால் ஊர் அவளையே பார்த்துக்கொண்டிருந்திருக்கும். நாலு பேராக இருந்ததில் யாரைப் பற்றிப் பேசுவது என்று ஊருக்கே குழப்பம்.

நான் பஞ்சாயத்து யூனியன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். மாந்தோப்பும் கொஞ்சம் மானாவாரி நிலமும் வைத்திருந்த கத்தோலிக்கக் குடும்பத்திலிருந்து முதன்முதலாகச் சம்பளம் வாங்கியவள். அதே பள்ளியில் கணக்கு டீச்சர், எங்களில் மூத்தவள். குழம்புக்கு உப்புப் போடும் முன்பும் யோசிப்பாள். மூன்றாமவள் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ். எந்த நேரத்தில் எந்த ஊரிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டாலும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள், திரும்பி வந்தால் சோற்றுத் தட்டின் மேலேயே தூங்கி விழுவாள். நான்காமவளுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. ஊர் காவிரிக்கு அக்கரை, மைசூர் ராஜ்யம். வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ். டிரங்க் காலில் சேலத்துக்குக் கத்திக் கத்தி அவள் குரல் அப்படியே கோயில் மணி மாதிரி ஆகியிருந்தது. ரகசியம் பேசினாலும் தெருக்கோடி வரை கேட்கும்.

எங்கள் வீட்டின் கொல்லைக் கதவைத் திறந்தால் தூரத்தில் காட்டுக்கு மேலே ஒரு மலை தெரியும். அந்தப் பக்கத்து ஆட்கள் அதைப் பெரியமலை என்பார்கள். ஒரு நாள் சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது டெலிபோன்காரி அதைப் பார்த்துச் சொன்னாள்.

“ஏண்டி, தெனமும் அது நம்மளப் பாத்துக்கிட்டே நிக்குது. நாம ஒரு தரம் அதுமேல நின்னு இந்த வூட்டப் பாத்தா என்ன?”

நர்ஸ் உடனே, “நான் வரேன்” என்றாள். கணக்கு டீச்சர் சாம்பலும் தேங்காய்நாருமாகக் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மலையையே பார்த்தாள். “பழக்கம் இல்லாம ஏற முடியாது. மொதல்ல சின்னக் கரடா ஏறிப் பழகணும்” என்றாள். அவள் அப்படிச் சொன்னால் சம்மதித்துவிட்டாள் என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை நான் பூசை முடிந்து வந்ததும் நாலு பேரும் ஊருக்கு வெளியே இருந்த கரடுகளில், சின்னச் சின்னப் பாறைக் குன்றுகளில், ஏறி இறங்கத் தொடங்கினோம். காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் சேலைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை போட்டுக்கொள்வார்கள் அல்லவா, அதேபோல நாங்களும் அண்ணன் தம்பிகளின் பழைய சட்டைகளைப் போட்டுக்கொண்டோம். காலுக்கு டிரில் மாஸ்டரிடம் கெஞ்சி வாங்கிய கேன்வாஸ் ஷூ. எனக்குக் கொடுத்தது அளவில் பெரியது. முன்னால் துணியை அடைத்துக்கொண்டு டக்கு டக்கென்று நடந்தேன்.

வாரா வாரம் கரடு கரடாக ஏறினால் ஊர் சும்மா இருக்குமா? நாங்கள் புதையல் தேடுகிறோம் என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. ஒரு நாள் ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, “கெடைச்சா சொல்லுங்க டீச்சர். அஞ்சாம் வகுப்புக்குப் பெஞ்சு இல்ல” என்றார். அவர் கிண்டல் செய்கிறார் என்று புரிய எனக்கு அன்று மதியம்வரை ஆயிற்று.

முதல் முயற்சி மழைக்காலம் முடிந்ததும். ஒகேனக்கல் போகிற முதல் பஸ்ஸில் ஏறி, காட்டுக்குள் ஒரு சிற்றூர் கிட்டே இறங்கினோம். கண்டக்டர் எங்கள் சட்டையையும் ஷூவையும் பார்த்துவிட்டு, “இங்க ஆருங்க இருக்கறாங்க உங்களுக்கு?” என்றார். “மலை இருக்குது” என்றாள் டெலிபோன்காரி. பஸ் முழுக்கச் சிரித்தது.

ஆடு மாடு போகிற தடத்தில் இரண்டு மணி நேரம் ஏறினோம். பனி ஈரம், துரிஞ்சி மரம், கால் வைக்கிற இடமெல்லாம் முள். பாதி மலை வந்திருக்கும், மூங்கில் புதர்களுக்கு நடுவில் கணக்கு டீச்சர் திடீரென்று நின்றாள். தடத்தின் நடுவே யானைச் சாணி. புதுசு. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே எங்கோ மூங்கில் படார் என்று முறிந்தது. மறுபடியும் ஒன்று.

நர்ஸ் என் கையைப் பிடித்தது மட்டும் தெரியும். அதன்பிறகு நாங்கள் ரோட்டில் நின்றோம். நடுவில் எப்படி இறங்கினோம், எங்கே விழுந்தோம் என்று இன்றுவரை நாலு பேரும் நாலு விதமாகத்தான் சொல்வோம். புளிச்சோறு வைத்திருந்த என் தூக்குப்போசி மலையிலேயே நின்றுவிட்டது. பசியோடு வீடு வந்து சேர்ந்து அன்று ராத்திரி சேமியா கிண்டிச் சாப்பிட்டோம்.

இரண்டு நாள் கழித்து அதே கண்டக்டர் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் என் போசி. சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது.

“மேல பாரஸ்டு கூப்புல மூங்கில் வெட்டற ஆளுங்க குடுத்தனுப்புனாங்க. நீங்க ஓடறதப் பாத்து ‘நில்லுங்க, நில்லுங்க’ன்னு கூப்புட்டாங்களாம். கேக்கலியா?”

மூங்கிலை முறித்தது யானை இல்லை.

“சோறு நல்லா இருந்துச்சாம்” என்று அவர் படி இறங்கும்போது சொன்னார். “புளிதான் கொஞ்சம் தூக்கலாம்.”

அன்று சமைத்தது கணக்கு டீச்சர். “நான் அளந்துதாங்க போட்டேன்!” என்று அவள் வாசல்வரை ஓடினாள். நாங்கள் மூன்று பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பிறகு பல நாள் பஸ்ஸில் எங்களைப் பார்க்கிறவர்கள் எல்லாம் யானை சுகமா என்று விசாரித்தார்கள்.

பொங்கல் கழிந்து இரண்டாம் முறை போனோம். இந்தத் தடவை நர்ஸ் தன் ஆஸ்பத்திரிப் பையையும் எடுத்துக்கொண்டாள். முந்தைய தடவை பட்ட சிராய்ப்புகள் அப்படி. “கனமா இருக்கும், வெச்சுட்டு வா” என்று கணக்கு டீச்சர் சொல்லியும் கேட்கவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி அந்தச் சிற்றூரைத் தாண்டும்போது ஒரு பெரியவர் எங்களை நோக்கி ஓடி வந்தார். “வந்துட்டாங்க! நர்ஸம்மா வந்துட்டாங்க!” என்று வீட்டைப் பார்த்துக் கத்தினார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அவர் மருமகளுக்கு விடியும் முன்பே வலி எடுத்திருக்கிறது. மகன் நர்ஸைக் கூட்டிவரச் சைக்கிளில் பென்னாகரம் போயிருக்கிறான். அவன் சைக்கிளும் எங்கள் பஸ்ஸும் வழியில் எங்கேயோ ஒன்றையொன்று கடந்திருக்கின்றன.

நர்ஸ் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே போனாள். ஒரு நொடியில் அவள் வேறு ஆளாகிவிட்டாள். எங்களோடு புளியங்காய் அடித்துத் தின்கிறவள் இல்லை அவள். “நீ தண்ணி காய வை. நீ துணி கொண்டா. டீச்சர், நீங்க இங்க வந்து தலமாட்டுல உக்காருங்க” என்று எங்கள் மூவருக்கும் வேலை வைத்தாள்.

பிள்ளை பெறுகிறவளுக்கு எங்கள் வயதுதான் இருக்கும். வலிக்கு நடுவில் கணக்கு டீச்சரின் கையை நொறுக்கிவிடுவது போலப் பிடித்துக்கொண்டு, “நீங்கல்லாம் எதுக்குச் சட்ட போட்டிருக்கறீங்க?” என்று கேட்டாள்.

“மலை ஏற.”

“எதுக்கு?”

“சும்மாத்தான்.”

அவள் சிரித்தாள். சிரிப்பு முடியும் முன் அடுத்த வலி வந்துவிட்டது. வெயில் முற்றத்தில் இறங்கியபோது குழந்தையின் அழுகைச் சத்தம் கேட்டது. பெண் குழந்தை. கணக்கு டீச்சரும் கூடவே அழுதாள். என்னிடம் குழந்தையைத் துடைக்கக் கொடுத்தார்கள். நான் அதை வாங்கிய விதத்தைப் பார்த்து டெலிபோன்காரி கீழே பாய் மாதிரித் தன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

நர்ஸ் வெளியே வந்து கை கழுவினாள். “சாயங்காலம் வரைக்கும் நான் இவளப் பாத்துக்கணும். நீங்க போங்க. இன்னும் நேரம் இருக்குது.”

“நாலு பேரும் போறதுன்னாப் போலாம். இல்லன்னா ஒருத்தரும் வேணாம்” என்றாள் டெலிபோன்காரி.

“உக்காந்து என்னாடி பண்ணப் போறீங்க? எல்லாரும் இங்கயே இருந்தா இவங்களுக்குச் சமைக்கற வேலதான் அதிகம்.”

உள்ளேயிருந்து தாயின் குரல் வந்தது. சோர்ந்த குரல்தான், ஆனாலும் அதில் கேலி இருந்தது. “போயிட்டு வாங்க டீச்சர். நான் இந்தப் பாடு பட்டுட்டேன், நீங்க அந்த மலைய ஏற மாட்டீங்களா?”

அதற்கு மேல் நிற்க முடியுமா? மூன்று பேரும் கிளம்பினோம்.

மூங்கில் காட்டைத் தாண்டியதும் புல் ஆள் உயரம் நின்றது. அதை விலக்கி விலக்கிப் போய், மூச்சு வாங்க வாங்க, கொல்லைக் கதவிலிருந்து தெரிகிற அந்த உச்சிக்கு வந்து நின்றோம். டெலிபோன்காரி இரண்டு கையையும் தூக்கினாள். அப்போது கணக்கு டீச்சர் மெதுவாகச் சொன்னாள்: “இது இல்ல.”

பின்னால் இன்னொரு உச்சி இருந்தது. இதைவிட உயரம். நாங்கள் இத்தனை மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தது மலையின் தோளைத்தான். தலை அதற்குப் பின்னால் மறைந்திருந்திருக்கிறது. மூவரும் அப்படியே புல்லில் உட்கார்ந்து வறுத்த மல்லாட்டையை உடைத்து வெல்லத்தோடு தின்றோம். திட்டுவதற்கு யாரும் கிடைக்காததால் எழுந்து நடந்தோம்.

கடைசியில் ஒரே பாறை, சரிவாக, வழுவழுவென்று. ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுத் தவழ்ந்துதான் ஏற வேண்டும். கணக்கு டீச்சர் ஒரு முறை கீழே பார்த்தாள், முகம் வெளுத்துவிட்டது. “எனக்குத் தல சுத்துது. நான் இங்கயே இருக்கறேன். மேல என்னா இருக்குதுன்னு வந்து சொல்லுங்க” என்று ஒரு புதரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நானும் டெலிபோன்காரியும் ஏறினோம். மேலே காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. மொட்டைப் பாறை, அதில் ஒரு குழியில் மழைத் தண்ணீர், அவ்வளவுதான். ஆனால் நாலு பக்கமும் திறந்து கிடந்தது. காட்டுக்கு நடுவில் காவிரி வெள்ளிக் கம்பி மாதிரி வளைந்து வளைந்து போனது. அருவி இருக்கிற இடத்தில் புகை போல ஏதோ எழும்பியது. அதற்கு அந்தப் பக்கம் மலை மலையாக மைசூர் ராஜ்யம்.

டெலிபோன்காரி அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் ஊருக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வேலையை விட்டுவிட்டு வந்து கல்யாணம் பண்ணிக்கொள் என்று வீட்டில் சொன்னதிலிருந்து அவள் போகவில்லை. சட்டென்று வாயைக் குவித்துக்கொண்டு, சேலத்துக்குப் பேசுகிற குரலைவிடப் பெரிய குரலில் கத்தினாள்.

“அவ்வா! நானு இல்லிதீனி!”

அம்மா, நான் இங்கே இருக்கிறேன். எதிர்மலையில் பட்டு அது திரும்பி வந்தது. அவள் மறுபடியும் கத்தினாள். கண்ணில் தண்ணீர், முகம் முழுக்கச் சிரிப்பு. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. யாரை என்று இல்லாமல் நானும் சேர்ந்து கத்தினேன்.

அப்போது பாறை விளிம்பில் ஒரு தலை தெரிந்தது. கணக்கு டீச்சர். வயிற்றால் ஊர்ந்து வந்துகொண்டிருந்தாள், கண்ணை இறுக மூடிக்கொண்டு.

“யாருக்கு என்னா ஆச்சு? யாரு விழுந்தது?” என்றாள்.

“யாரும் விழலக்கா. நீங்க மேல வந்துட்டீங்க.”

“கண்ணத் தொறக்கலாமா?”

“தொறங்க.”

ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். பிறகு மற்றதையும். “நல்லாத்தான் இருக்குது” என்றாள் கடைசியில், சந்தையில் கத்தரிக்காயைப் பார்த்துச் சொல்கிற மாதிரி. ஆனால் இறங்குகிறவரை என் சட்டை நுனியை அவள் விடவே இல்லை.

பொழுது சாய்கிற நேரத்துக்குக் கீழே வந்தோம். சைக்கிளில் போனவன் திரும்பி வந்து, தான் பெற்ற மகளைப் பார்த்தபடி திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தான். நர்ஸ் வாசலுக்கு வந்தாள். “எப்பிடி இருந்துச்சு?”

அவள் வருத்தப்படக் கூடாது என்று டெலிபோன்காரி, “ஒண்ணுமில்லடி, வெறும் பாறைதான்” என்றாள்.

நர்ஸுக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. “பொய் சொல்லாத! ஒண்ணு விடாமச் சொல்லு!” என்றாள்.

அந்த வீட்டில் எங்களுக்குச் சூடாகக் களியும் அவரைக்காய்க் குழம்பும் போட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னோம். தோள், தலை, தண்ணீர்க் குழி, காவிரி, கணக்கு டீச்சர் ஊர்ந்து வந்தது எல்லாம். உள்ளே பாயில் படுத்திருந்தவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். “தெனமும் அது அடியிலதான் ஆடு மேய்க்கறேன். மேல தண்ணி இருக்குதா!” என்றாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் போகப்போவதாகவும் சொன்னாள். போனாளா என்று எனக்குத் தெரியாது.

கோடை வெயில் ஏறுவதற்குள் இன்னொரு முறை போயே ஆக வேண்டும் என்று நர்ஸ் நச்சரித்தாள். டெலிபோன்காரி அந்த வாரம் ஊருக்குப் போயிருந்தாள், அவளாகவே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு. கணக்கு டீச்சர், “ஒரு தடவ பாத்ததே எனக்கு ஆயுசுக்கும் போதும்” என்று சொல்லிவிட்டாள். நானும் நர்ஸும் மட்டும் போனோம். முந்தின நாள் பூராவும் அவளுக்கு வேலை. பஸ்ஸில் என் தோளில் சாய்ந்தபடியே வந்தாள். ஆனால் மலையில் எனக்கு முன்னால் ஓடினாள். கடைசிப் பாறையில் என்னைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டதும் அவள்தான்.

உச்சியில் நின்று நாலு பக்கமும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். அவள் போய்ப் பிரசவம் பார்த்த ஊர்கள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன என்று விரலை நீட்டிக் காட்டினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் பச்சைத் திட்டுத் திட்டாக இருந்தன. பிறகு இளஞ்சூட்டில் இருந்த பாறையில் உட்கார்ந்தாள், சாய்ந்தாள், அப்படியே தூங்கிப்போனாள்.

எழுப்பலாமா என்று யோசித்தேன். இங்கே யாரும் அவளைத் தேடி ஆள் அனுப்ப முடியாது. என் முந்தானையை அவள் முகத்துக்கு மேல் நிழலாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கீழே ஒகேனக்கல் ரோட்டில் ஒரு பஸ் எறும்பு போல ஊர்ந்து போனது. காற்று கொஞ்சம் அடங்கியபோது அவள் குறட்டை விடுவது கேட்டது.