பெரியபாளையத்தில் நின்ற தீயணைப்பு வண்டி

அன்று வண்டியில் முதலாளி, நான், மருதாணி மீசைக்கார டிரைவர், மூன்றே பேர். முதலாளியின் பழங்காலத் தீயணைப்பு வண்டியைக் கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூர் கண்காட்சிக்குக் கொண்டுபோனோம். பத்து மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்களே என்று நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். டிரைவருக்கோ புகையைக் கண்டால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். பெரியபாளையத்தில் ஆடி ஞாயிறு. சாலையோரமெல்லாம் பொங்கல் அடுப்பு. டிரைவர் வண்டியை நிறுத்தி, மணியடித்து இறங்கிவிட்டார்.

"தண்ணி ஊத்திடாத நைனா, அம்மனுக்குப் பொங்கல் வெக்கிறோம்!" என்று ஓர் அம்மாள் கரண்டியோடு ஓடிவந்தாள்.

"நீ வெய்ம்மா. கடைசி அடுப்பு அணையற வரிக்கும் நான் நின்னுகினு இருப்பேன்."

"அண்ணே, டேங்க்ல சொட்டுத் தண்ணி கெடையாதே," என்று அவர் காதில் சொன்னேன்.

"அது இன்னாத்துக்கு அவங்களுக்கு? கம்முனு நில்லு."

முதலாளி வண்டியில் உட்கார்ந்தபடியே அடுப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கேட் பூட்டியிருந்தது. முதலாளியின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயம். டிரைவரோ, "வர்ற ஞாயித்துக்கெழமையும் ஆடிதான் மொதலாளி, வண்டி வேணும்," என்றார்.

முதலாளி ஏன் சரியென்று தலையாட்டினார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.