நிலாவுக்கு மேலே ஒரு வழி

போன வாரம் சர்க்கரை பார்க்க ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். நாற்பதைத் தாண்டினால் பெங்களூரில் எல்லாருக்கும் வாய்க்கிற உற்சவம்தான். ரத்தம் எடுக்கிற பெண் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக் கையில் தேய்த்தாள். வாசனை மூக்கில் ஏறியதும் என் கட்டைவிரல் தானாகத் துள்ளியது. "சார், கைய ஆட்டாதீங்க" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் சிரித்தாள். பயம் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். அந்த வாசனை வந்தால் குதிக்கும் பொத்தானை அமுக்கிப் பழகிய விரல் அது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

ஸ்பிரிட் என்றால் உங்களுக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். எனக்கு வருவது ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவை இடித்துவிட்டுக் கட்டிய கட்டடமும் அதன் மேல் மாடியும். வீடியோ கேம் விளையாடுவதுதான் அங்கே எங்கள் வேலை. காலை ஷிப்டுக்காரர்கள் பிடித்து ஆடிய கண்ட்ரோலரை ஸ்பிரிட் போட்டுத் துடைத்த பிறகுதான் நாங்கள் தொடுவோம். வெளிநாட்டில் எவரோ கேம் செய்து அனுப்புவார்கள். அதில் எங்கே ஓட்டை, எங்கே உடைசல் என்று கண்டுபிடித்து எழுதுவோம். அந்த ஓட்டைக்குப் பெயர் பக். விளையாடச் சம்பளம் என்றால் எவன் பெண் கொடுப்பான்? அப்பா சொந்தக்காரர்களிடம் "சாஃப்ட்வேர்ல இருக்கான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருமுன் காப்பி கொண்டுவரச் சொல்லிவிடுவார்.

என் பக்கத்து நாற்காலி கலாவுடையது. ஜீவனஹள்ளிப் பெண். ஒரே அறையும் ஒரு சமையல் மூலையும்தான் வீடு. அதற்குள் அம்மா, அப்பா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய பிள்ளைகள், கலா. அண்ணன் ஆட்டோ ஓட்டினான். ஓட்டாமல் படுத்திருந்த நாட்கள்தான் அதிகம். குடும்பம் இவள் சம்பளத்தில் நடந்தது. ஆனாலும் நாங்கள் வேலை செய்த ஹாலில் அவள் சிரிப்புத்தான் பெரிதாகக் கேட்கும்.

அந்த வருஷம் எங்களிடம் வந்தது ஒரு விண்வெளி விளையாட்டு. உருண்டைத் தலைக்கவசம் மாட்டிய குட்டி ஆள் ஒருவன். கிரகத்துக்குக் கிரகம் தாவிக் குதித்துப் போக வேண்டும், பள்ளத்தில் விழுந்தால் உயிர் போய்விடும். இதில் அப்படி என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். டீ நேரத்தில் நாங்களும் அதற்காகத்தான் அடித்துக்கொள்வோம். எனக்குப் பளபளப்பு வேண்டும். கிரகம் என்றால் நெருப்பு கக்க வேண்டும், ராட்சசன் வர வேண்டும். கலா உதட்டைப் பிதுக்குவாள். "ராட்சசன் எல்லா கேம்லயும்தாம்பா வர்றான். இதுல குதிச்சா கீழ வர்றதுக்கு எவ்ளோ நேரம் ஆவுது பாரு. அந்த நேரத்துக்குத்தான் இத ஆடணும்."

அப்போது எனக்கு அது புரியவில்லை. பிறகு கவனித்துப் பார்த்தேன். பெரிய கிரகத்தில் அவன் மூட்டை மாதிரி தொப்பென்று விழுவான். நிலாவில் கால் தரையை விட்டதும் ஆற அமர மேலே போய், அங்கே கொஞ்சம் தங்கி, மனசில்லாமல் இறங்குவான். அந்தக் கொஞ்ச நேரத்தில் யாரும் அவனை ஒன்றும் செய்ய முடியாது. என்னைக் கேட்டால், விண்வெளியில் குதிக்கிற விளையாட்டு அந்தத் தங்கலுக்குத்தான் உருப்படியாகிறது. இதை நான் கண்டுபிடித்ததாக இன்றும் நாலு பேரிடம் அளந்துகொண்டிருக்கிறேன்.

ஓட்டையைக் கண்டுபிடித்ததும் கலாதான். நிலாவில் ஒரு ஆண்டெனா கம்பம் உண்டு. அதன் ஏணியின் கடைசிப் படியிலிருந்து ஒரு மாதிரி சாய்ந்து குதித்தால், ஆட்டத்தின் எல்லையாக மேலே போட்டிருந்த கூரையில் தலை முட்டாது. ஆள் கூரையைத் தாண்டி வெளியே போய்விடுவான். வெளியே ஒன்றும் கிடையாது. பாட்டு நின்றுவிடும். கறுப்பும், யாரோ ஓவியர் பின்னணிக்காகத் தெளித்து வைத்த நட்சத்திரங்களும்தான். அதில் அவன் மெதுவாக விழுந்துகொண்டே இருப்பான். பள்ளமே இல்லாததால் சாகவும் மாட்டான். எங்கள் கணக்கில் அது பெரிய பக். பார்த்த அன்றே எழுதியிருக்க வேண்டும்.

கலா எழுதவில்லை. சித்ரான்னத்தை அவசரமாக வாயில் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தின் மிச்சத்தை அங்கே போய்க் கழிப்பாள். கண்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டு, அவன் விழுவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள். "எங்க வூட்ல கால நீட்ட எடமில்ல. இங்க பாரு, எவ்ளோ எடம் சும்மா கெடக்குது" என்றாள் ஒருநாள். அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. நானும் அந்த பக்கை எழுதிக் கொடுக்கவில்லை. அது அவளுடைய இடம்.

எங்கள் வேலையில் ஒரு கொடுமை உண்டு. கேம் நல்லதாக ஆக ஆக நாங்கள் வேண்டாதவர்கள் ஆகிவிடுவோம். கடைசி மாதங்களில் தேடித் தேடிப் பார்த்தாலும் பக் சிக்காது. சிக்காதவர்களின் சீட்டு கிழியும். எங்கள் குழுவுக்கு லீட், அதாவது தலைவர், பிரகாஷ். கன்னடக்காரர், நல்ல மனுஷன். ஒரு வெள்ளிக்கிழமை கலாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"கலா, உன் பேர்ல இந்த மாசம் ஒண்ணுமே இல்லம்மா. மேலருந்து கேக்கறாங்க. நானேன் மாட்லி, நான் என்ன பண்றது, சொல்லு? திங்கக்கெழமைக்குள்ள பெருசா ஒண்ணு குடு."

அவர் போனதும் கலா கண்ட்ரோலரை மேஜையில் வைத்தாள். "எங்கிட்ட ஒண்ணு இருக்குது" என்றாள், என்னைப் பார்க்காமல். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? மாதச் சம்பளம் வராவிட்டால் அந்த அறையில் அத்தனை பேரும் என்ன சாப்பிடுவார்கள்?

கடைசியாக ஒருமுறை போனாள். வழக்கத்தைவிட அதிக நேரம் அவனை விழ விட்டாள். பிறகு எழுத ஆரம்பித்தாள். என்ன செய்தால் நடக்கிறது, என்ன நடக்கிறது என்றெல்லாம் எழுதிவிட்டு, என்ன நடந்திருக்க வேண்டும் என்றும் எழுத வேண்டும், அது சட்டம். கலா தட்டெழுதியதை நான் படித்தேன்: 'ஆட்டக்காரனால் வெளியே போக முடியக் கூடாது.' அனுப்பிவிட்டு முகம் கழுவப் போனாள்.

பிரகாஷ் எல்லார் எதிரிலும் கைதட்டிப் பாராட்டினார். அதைவிடப் பெரிய கொடுமை பின்னால் வந்தது. பக்கை எழுதியவரே, அது சரியாகிவிட்டதா என்று போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். புதுப் பதிப்பு வந்தது. கலா ஏணியில் ஏறினாள், சாய்ந்தாள், குதித்தாள். டொக். கண்ணுக்குத் தெரியாத சுவர். ஆள் மண்டையில் அடிபட்டு இறங்கினான். விடாமல் இன்னும் சில தடவை குதித்தாள். டொக், டொக்.

"சரியாயிடுச்சு" என்று சொல்லி, துடைத்த கண்ட்ரோலரையே மறுபடி எடுத்து ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள்.

அவள் வேலை தப்பியது, கேம் கடைக்குப் போகிற வரைக்கும். பிறகு ஹாலையே மூடிவிட்டார்கள். கலாவுக்கு அத்திபெலேயில் ஏதோ கிடங்கில் வேலை கிடைத்ததாகவும், அந்தப் பக்கமே கல்யாணம் ஆனதாகவும் கேள்விப்பட்டேன். அவள் பழைய நம்பரில் இப்போது யாரோ ஒரு ஆள் எடுத்து, ராங் நம்பர் என்று எரிந்துவிழுகிறார். அந்தக் கட்டடத்தில் இன்று சோபா விற்கிறார்கள்.

ரத்தம் கொடுத்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் அந்த கேமைத் தேடினேன். பழைய சரக்கு என்று சல்லிசாகக் கிடைத்தது. மகள் ரெண்டே நாளில் முடித்துவிட்டாள். அவள் எழுந்ததும் நான் கண்ட்ரோலரை வாங்கி நிலாவுக்குப் போனேன். ஏணி, கடைசிப் படி, சாய்வு. விரல் எதையும் மறக்கவில்லை. டொக். மறுபடி ஏறினேன். டொக்.

"அங்க ஒண்ணுமே இல்லப்பா, ஏன் அங்கயே குதிக்கறீங்க?" என்றவள், என் முகத்தைப் பார்த்ததும், கேம் வாங்கித் தந்தவரைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சொன்னாள்: "சூப்பர் கேம்ப்பா. ஒரு பக் கூட இல்ல."

"ஆமாம்மா" என்றேன். "ஒண்ணு கூட இல்ல."