சிவப்பு விளக்கும் ஒரு சாக்கு நண்டும்

அந்தக் கம்பியைப் பார்த்த கணத்தில்தான் ஐடியா வந்தது.

ஊருக்கு வெளியே இருக்கும் சிறைக்கு சிசிடிவி ரிப்பேருக்காகப் போயிருந்தேன். காய்கறி இறக்கிவிட்டு வெளியே கிளம்பிய ஒரு குட்டி யானை வண்டி கேட்டில் நின்றது. பின்னால் காலிச் சாக்குகள் குவிந்து கிடந்தன. கைதி எவனாவது உள்ளே பதுங்கி வெளியேறிவிட்டால்? வார்டர் நீளமான ஒரு கம்பியால் அந்தக் குவியலைச் சதக் சதக்கென்று குத்திக்கொண்டிருந்தார்.

"உள்ள நெஜமாவே ஆள் இருந்தா என்ன சார் ஆவும்?" என்றேன்.

"கத்துவான்ல!"

நான் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றேன். வண்டியை ஓட்டிவந்த செல்வம் அண்ணன் சிரித்தார். முத்தியால்பேட்டையில் என் பட்டறைக்கு எதிர் வீட்டுக்காரர். "பாத்துக்குங்க சார், இன்னிக்கி இவனுக்குத் தூக்கம் வராது. எதையாவது கண்டுபுடிக்கப் போறான்" என்றார்.

வரவில்லைதான்!

ராணுவச் சோதனைச் சாவடிகளில் இதற்கு ஒரு டெக்னாலஜி இருப்பதாகப் படித்திருந்தேன். இதயம் துடிக்கும்போது உடம்பு இம்மியளவு அதிர்கிறது. உடம்பு இருக்கும் வண்டியும் சேர்ந்து அதிர்கிறது. இன்ஜினை ஆஃப் செய்து, எல்லோரையும் இறக்கிவிட்டு, சென்சாரை வண்டியின் அடியில் காந்தத்தால் ஒட்டினால் போதும். உள்ளே யாராவது ஒளிந்திருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். குத்தவே வேண்டாம். ராணுவத்திடம் இருப்பது சிறைக்கு ஏன் வரக் கூடாது?

செய்தேன். அண்ணன் வண்டியிலேயே டெஸ்ட். நண்பனைச் சாக்குகளுக்கு அடியில் படுக்கவைத்தால் சிவப்பு விளக்கு. இறக்கிவிட்டால் பச்சை. எத்தனை முறை பார்த்தாலும் அதே ரிசல்ட். நான் தரையிலேயே இல்லை!

போன வாரம் சிறை கேட்டில் டெமோ. ஜெயிலரே வந்து நின்றார். வழக்கம்போல அண்ணன் வண்டி. இன்ஜின் ஆஃப். அண்ணன் இறங்கினார். சென்சாரை ஒட்டினேன்.

சிவப்பு.

மறுபடி பார்த்தேன். சிவப்பு!

அடுத்த நிமிடம் இரண்டு வார்டர்கள் அண்ணனின் கையைப் பிடித்திருந்தார்கள். போனை வாங்கிக்கொண்டு, சுவரோரம் தரையில் உட்காரவைத்தார்கள். சாக்குகள் ஒவ்வொன்றாக ரோட்டில் விழுந்தன.

"தம்பி... நீயாவது சொல்லேன்பா. என்னை உனக்குத் தெரியாதா?"

நான் மெஷினைப் பார்த்தேன். அண்ணனைப் பார்த்தேன். திரும்பவும் மெஷினைத்தான் பார்த்தேன்.

கடைசியில் டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு ஈரச் சாக்கு வந்தது. உள்ளே நண்டு. உயிர் நண்டு!

"பாப்பாவுக்குச் சளி சார். ரசம் வெக்கலாம்னு காலைல தேங்காய்த்திட்டு துறைமுகத்துல வாங்கினேன்..."

ஒரு நண்டுக்குக் கொடுக்கில் போட்ட கட்டு அவிழ்ந்திருக்கிறது. அது விடாமல் தகரத்தைத் தட்டியிருக்கிறது... என் மெஷின் அதை ஒரு மனிதனின் இதயம் என்று நம்பியிருக்கிறது. வண்டியில் ஆள் வைத்துப் பார்த்தேன், ஆள் இல்லாமல் பார்த்தேன். துறைமுகம் இருக்கிற ஊரில் சீட்டுக்கு அடியில் நண்டு இருக்கும் என்று யோசிக்கவே இல்லையே!

வார்டர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜெயிலர் என் முதுகில் தட்டினார். "நண்டையே புடிச்சிட்டியேப்பா! என்னா மெஷின்! இன்னும் ரெண்டு செஞ்சு குடு." பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த டிரைவர் மட்டும் இனிமே வேணாம். சிவப்பு காட்டின வண்டி. நாளைக்கி ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான்தானே பதில் சொல்லணும்?"

"அதான் நண்டுன்னு தெரிஞ்சிடுச்சே சார்!"

"தெரிஞ்சிது. இருந்தாலும்..."

அந்த 'இருந்தாலும்'தான் இப்போது என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

ராணுவச் சாவடியில் தப்பாகச் சிவப்பு எரிந்தால், வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த டிரைவர் யாரோ, எந்த ஊரோ. அந்த மெஷினே அப்படி ஒரு இடத்துக்காகப் பிறந்ததுதான் — எதிரே வருகிறவன் அந்நியன், சந்தேகப்பட்டால் நஷ்டமில்லை. நான் வயரையும் சாஃப்ட்வேரையும் மாற்றினேன். அந்தச் சந்தேகத்தை மட்டும் அப்படியே கொண்டுவந்துவிட்டேன். இங்கே எதிரே வருகிறவர் என் எதிர் வீட்டுக்காரர் அல்லவா?

அண்ணனின் வண்டி இப்போது தெருவில் சும்மா நிற்கிறது. அண்ணி என்னைக் கண்டால் கதவைச் சாத்துகிறார். அண்ணனோ, "வுடு தம்பி, நண்டு வாங்கினது என் தப்புதான்" என்கிறார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மெஷினை விற்பதெல்லாம் அப்புறம். இன்னொரு டெமோ வேண்டும் என்று ஜெயிலரிடம் கேட்டேன்.

"எதுக்குப்பா? அதான் சூப்பரா வேலை செய்யுதே!"

"இந்தத் தடவை உங்க ஜீப்ல சார்."

"என் ஜீப்லயா?" என்று சிரித்தவர், "சரி, வா" என்றுவிட்டார்.

திங்கட்கிழமை விடிந்ததும் தேங்காய்த்திட்டுக்குப் போகிறேன். ஒரு சாக்கு நண்டு வாங்கி, ஒன்றின் கட்டை அவிழ்த்துவிட்டு, எல்லோரும் பார்க்க ஜெயிலரின் சீட்டுக்கு அடியில் வைத்து, சென்சாரை ஒட்டப் போகிறேன். அவர் ஜீப்பே சிவப்பு காட்டினால், அண்ணன் வண்டியை மட்டும் எப்படி வேண்டாம் என்பார்?

கடவுளே... அன்றைக்கும் என் மெஷின் தப்புப் பண்ண வேண்டும்!