என் கட்டியை மட்டும் ஏன் கேட்கவில்லை?

முருகனடியார்களே, எனக்குச் சாகப் பயம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில், தைப்பூசம் முடிந்த ஒரு வாரத்தில், குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. புற்றுநோய் என்றார்கள். அப்போது கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். மூன்றும் பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கே தலை பின்னத் தெரியாது. சாமிப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். "முருகா, கட்டி சின்னதா இருக்கணும். வேற எங்கேயும் பரவியிருக்கக் கூடாது. என் புள்ளைங்களுக்கு நான் வேணும்." வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

அங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கட்டிலிலும் அதே வேண்டுதல்தான், வாய்விட்டு. பக்கத்துக் கட்டிலில் கிள்ளானிலிருந்து வந்த சரோஜா அக்கா. அவருக்கும் இதே நோய். பார்த்த நாளிலிருந்தே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. சாயங்காலமானால் கிள்ளானே திரண்டு வந்ததுபோல அவர் கட்டிலைச் சுற்றிக் கூட்டம். பிளாஸ்க்கில் சுக்குமல்லிக் காப்பி, டிபன் கேரியரில் நண்டு ரசம். என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வருவார், பேப்பரை விரிப்பார், "சாப்பிட்டியா?" என்பார், போய்விடுவார்.

ஆப்ரேஷனுக்கு முந்தின நாள் டாக்டரம்மா வந்தார். நம் தமிழ்ப் பெண்தான், சின்ன வயது. நேராக சரோஜா அக்காவிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆன்டி, நாளைக்கு வெட்டி எடுக்கிற கட்டியில கொஞ்சம் ஆராய்ச்சிக்குக் குடுப்பீங்களா? உங்களுக்கு அதனால ஒண்ணும் கெடைக்காது. பின்னால வர்றவங்களுக்கு உதவலாம். வேணாம்னா சொல்லிடுங்க, வைத்தியத்துல எந்த மாத்தமும் இருக்காது."

"எடுத்துக்கம்மா. வீட்டுக்குக் கொண்டுபோயி நான் என்ன கொழம்பா வைக்கப் போறேன்?" என்றார் அக்கா. வார்டே சிரித்தது.

அடுத்து என்னிடம் வந்தார். நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிரஷர் பார்த்தார், போய்விட்டார்.

எனக்கு வயிறு எரிந்தது. ஏன், என் கட்டிக்கு என்ன குறைச்சல்? சொந்தபந்தம், சாப்பாடு, சிரிப்பு எல்லாம் அவளுக்கு. இந்தப் புண்ணியமும் அவளுக்குத்தானா? போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு முருகனோடு சண்டை போட்டேன். "ஒரு பழம் கெடைக்கலைன்னு கோவிச்சுக்கிட்டு மலையேறினவன்தானே நீ? என் வயித்தெரிச்சல் உனக்கே புரியலைன்னா வேற யாருக்குப் புரியும்?"

இருவருக்கும் ஆப்ரேஷன் ஆயிற்று. சில நாள் கழித்து டாக்டரம்மா என்னைப் பார்க்க வந்தபோது கேட்டேவிட்டேன்.

"ஏன் டாக்டர், என்னோடத மட்டும் கேக்கல? நான் குடுக்க மாட்டேன்னு நெனச்சிட்டீங்களா?"

"அதுக்கு இல்லலா, ஆன்டி. உங்க கட்டி ரொம்பச் சின்னது. முழுசும் பரிசோதனைக்கே தேவைப்பட்டுச்சு. மிச்சம் இருக்கும்னு தெரிஞ்சாத்தான் ஆராய்ச்சிக்குக் கேப்போம். ரிசல்ட் வந்திருச்சு. எங்கேயும் பரவல."

நான் கேட்ட வரம், ஒரு சொல் குறையாமல். ஆனால் கை கூப்ப முடியவில்லை. பக்கத்துக் கட்டில் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. மிச்சம் வைக்கிற அளவுக்குக் கட்டி இருந்தது யாருக்கு?

டாக்டரம்மா போனதும் சரோஜா அக்காவே கூப்பிட்டார்.

"கமலம், மூஞ்சியத் தொங்கப் போடாத. என்னோடது பெரிசு, பரவிருச்சுன்னு எனக்கு முன்னமே சொல்லிட்டாங்க. நீ வாய்விட்டு வேண்டிக்கிறது இங்க வரைக்கும் கேக்கும். சின்னதா இருக்கணும்னு கேட்ட, முருகன் குடுத்துட்டான். நான், வந்தது வந்திருச்சு, இது வீணாப் போகக் கூடாதுன்னு கேட்டேன். மறுநாளே அந்தப் பொண்ணு வந்து கைய நீட்டுச்சு. எனக்கும் குடுத்துட்டான்லா."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அடுத்த தைப்பூசத்துக்கு அவர் இல்லை.

நான் இருக்கிறேன். மூத்தவள் கல்யாணத்தைப் பார்த்துவிட்டேன். இப்போது வெள்ளிக்கிழமைகளில் அந்த வார்டுக்குப் போய்ப் பயந்துபோயிருக்கிறவர்கள் பக்கத்தில் உட்காருகிறேன். டாக்டர் ஆராய்ச்சிக்குக் கேட்டால், மனசிருந்தால் கொடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள் என்கிறேன்.

அன்பர்களே, பிழைக்கப் போவது நான் என்று தெரிந்த அன்று, பொறாமை சரோஜா அக்காவுக்குத்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்குத்தான் இன்றைக்கும் பொறாமை, அந்த மனசு மேல். முருகன் முன்னால் நல்லவர்போல் வேஷம் போடாதீர்கள். எரிச்சல் இருந்தால் எரிச்சலோடு போங்கள், வாய்விட்டுக் கேளுங்கள், கொடுப்பான். நான் உயிரைக் கேட்டேன், கொடுத்தான். இப்போது சரோஜா அக்காவின் மனசைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை. நான் விடுவதாக இல்லை.