செண்பகத்தோப்பு அணில்களும் ஜெபசிங்கின் பூட்டும்

செண்பகத்தோப்பு போகணும், எப்படிப் போறது என்று கேட்டு நாலைந்து பேர் எழுதியிருக்கிறீர்கள். வழி சொல்கிறேன். ஆனால் அந்த வழியை நினைத்தாலே எனக்கு வயிறு எரியும். அதையும் சேர்த்துத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1999 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம். அதற்கு முந்தைய இரண்டு வருஷம் நானும் ஜெபசிங்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். விடிந்ததும் எட்டு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து செண்பகத்தோப்பு போய், சாம்பல் நிற மலை அணில் எத்தனை, மரத்துக்கு எத்தனை கூடு என்று எண்ணுவதுதான் வேலை. எண்ணியது பெரும்பாலும் நான். கழுத்து சுளுக்கியதும் நான்தான். அவன் சாயங்காலம் அதையெல்லாம் லேப்டாப்பில் ஏற்றுவான். லேப்டாப் அவனுடையது, சிங்கப்பூரில் இருக்கும் அவன் அண்ணன் கொண்டுவந்து கொடுத்தது.

இங்கேதான் ஒரு முட்டாள்தனம் செய்தோம். பதினோரு நோட்டு நிறையக் குறிப்பு இருந்தது. "அதான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சேடா, கரையான்தான் திங்கும்" என்றான் ஜெபசிங். நானும் தலையாட்டி, என் கையாலேயே கட்டித் தூக்கிக்கொண்டுபோய் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டேன். புத்தியைச் செருப்பால் அடிக்கணும்.

பொங்கலுக்கு மதுரை போய்விட்டுத் திரும்பினால் அறையில் லேப்டாப் மட்டும் இருந்தது. அவன் பம்பாயில் வேலை கிடைத்துப் போய்விட்டான் என்று வீட்டுக்காரர் சொன்னார். 'மெஷினை அம்மாகிட்ட குடுத்திரு' என்று ஒரு துண்டுச்சீட்டு, அம்புட்டுத்தான். எனக்கு அடுத்த திங்கட்கிழமை கோயம்புத்தூரில் ஓர் ஆராய்ச்சி வேலைக்கு இன்டர்வியூ. அணில் அறிக்கையோடு வரச் சொல்லியிருந்தார்கள். அதைத் தவிர என்னிடம் காட்ட வேறொன்றும் கிடையாது.

சுவிட்சைப் போட்டேன். பாஸ்வேர்டு கேட்டது. எனக்குத் தெரிந்த எண்ணை அடித்தேன். தப்பு என்றது. மூன்று தடவை தப்பானால் அப்படியே உறைந்துவிடும், அணைத்துத் திரும்பப் போடணும். பத்துத் தடவை போட்டுப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரரிடம் அவன் விட்டுப்போன பம்பாய் நம்பரை வாங்கிக்கொண்டு எஸ்டிடி பூத்துக்குப் போனேன். பம்பாயில் எடுத்தவர் "அவன் திருப்பிப் பேசுவான்" என்றார். ஒன்றரை மணி நேரம் பூத் வாசலில் நின்றேன். பேசவில்லை.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. புத்தாண்டு ஆராதனையில் அவர்கள் சபையில் பைபிள் வசனம் போட்ட வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். அந்த வருஷம் முழுக்க அந்த வசனம்தான் துணை. அதன் அதிகார எண்ணும் வசன எண்ணும்தான் அவன் பாஸ்வேர்டு. "வருஷம் பொறந்தா மாத்திருவேன்லே" என்று முன்பே சொல்லியிருந்தான். என்னிடம் இருந்தது போன வருஷத்து எண்.

மறுநாள் காலை 9.20க்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் ராஜபாளையம் பஸ். பதினோரு கிலோமீட்டர், டிக்கெட் மூன்று ரூபாய், அரை மணி நேரம். மூன்றரைக் கிலோ லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டேன். "என்ன சார், டைப்ரைட்டரா?" என்றார் கண்டக்டர். ஆமாம் என்றேன், விளக்கம் சொல்ல யாருக்குத் தெம்பு இருந்தது. இறங்கி, ஆட்டோவுக்குப் பதினைந்து ரூபாய் கொடுத்து ஜெபசிங் வீடு.

அவன் அம்மா மில்லில் கோன் வைண்டிங், அதாவது நூல் சுற்றும் வேலை பார்ப்பவர். அன்று மதிய ஷிப்ட் என்பதால் வீட்டில் இருந்தார்.

"வாய்யா முருகேசு! என்ன இப்படி எளச்சுப் போயிட்ட? செத்த இரு, காப்பி போடுதேன்."

விஷயத்தைச் சொன்னேன். சுவரில் பெரிய அட்டை தொங்கியது. அதன் எண்ணை அடித்தேன். தப்பு. முன்னும் பின்னும் மாற்றி அடித்தேன். தப்பு.

"அது வீட்டுக்குன்னு எடுத்ததுய்யா. அவனுக்கு எடுத்தது தனியா இருக்கு" என்று வேதாகமத்தைத் திறந்து சின்ன அட்டை ஒன்றை எடுத்தார். "ஊருக்குப் போறப்ப, ஜெபம் பண்ணும்மான்னு எங்கிட்ட குடுத்துட்டுப் போனான். ஒனக்குக் காட்ட என்னய்யா, நீயும் எம்பிள்ளை மாதிரித்தான்."

அணைத்துப் போட்டு நாலு எண்ணை அடித்தேன். திறந்துவிட்டது. அந்த ஒரு நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அறிக்கை முழுசாக இருந்தது. நான் எண்ணிய ஒவ்வொரு கூடும் இருந்தது. முதல் பக்கத்தில் 'ஆய்வு செய்தவர்' என்று ஜெபசிங் பேர் மட்டும். டிசம்பரிலேயே வேலை கேட்டு இதை பம்பாய்க்கு அனுப்பியிருக்கிறான், கூடவே இருந்த கடிதத்திலும் 'என் ஆய்வு, என் ஆய்வு' என்று பக்கத்துக்கு நாலு தடவை. கடைசிப் பக்கத்தில் நன்றி: ரேஞ்சர், வாட்சர்கள், ஜீப் டிரைவர், டீக்கடைக்காரர், அப்புறம் 'கள உதவி: முருகேசன்'. பாவி! ஒரே தட்டில் சோறு தின்றவன். வாயில் வந்ததையெல்லாம் விழுங்கினேன்.

அவன் அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ரெண்டு பேரும் எம்புட்டுப் பாடுபட்டீக! ஒம்பேரு எங்கய்யா இருக்கு, காட்டு பாப்பம்."

கடைசிப் பக்கத்துக்குப் போய் விரலை வைத்தேன். "இந்தா, இதும்மா."

அந்த இடத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "ஆண்டவர் ஒங்க ரெண்டு பேரையும் ஒசத்துவாரு" என்று என் தலையில் கை வைத்தார். நான் பொய் சொல்லவில்லை. என் பேர் அங்கேதான் இருந்தது.

பிளாப்பியில் அட்டவணைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, லேப்டாப்பை அவரிடமே கொடுத்துவிட்டு 12.40 பஸ் ஏறினேன். திங்கட்கிழமை கோயம்புத்தூரில் அதை அச்சடித்து நீட்டினேன். அங்கிருந்தவரிடம் பம்பாயிலிருந்து வந்த அறிக்கை ஏற்கெனவே இருந்தது. கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டி, "இந்த முருகேசன் நீங்கதானா?" என்றார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல, நோட்டு ஒன்றாவது கையில் இருந்ததா?

சரி, போகிறவர்களுக்கு. நான் போன காலத்துக் கணக்குதான் இது, கட்டணத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் எழுபத்தைந்து கிலோமீட்டர், பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அங்கிருந்து செண்பகத்தோப்புக்கு சைக்கிளோ ஆட்டோவோ. வனத்துறை ஆட்களிடம் சொல்லிவிட்டு உள்ளே போங்கள். காலை ஆறரைக்கும் எட்டுக்கும் நடுவில் அணில் நன்றாகத் தெரியும். கூட யாராவது வந்தால் வரட்டும். ஆனால் எண்ண ஆரம்பிக்கும் முன்னால் நோட்டின் முதல் பக்கத்தில் உங்கள் பேரை எழுதிவிடுங்கள். அந்த நோட்டை யார் சொன்னாலும் எடைக்குப் போடாதீர்கள்.