போதும் என்று சொல்லும் வேலை

பதினான்கு வருஷம் சிங்கப்பூரில் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய என் வீட்டுக்காரர், மற்றவர்கள் தைலமும் டிவியும் கொண்டுவருவதுபோல ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார். ரோட்டரி இன்ஜின். பிஸ்டன் கிடையாது, கூட்டுக்குள் ஒரு முக்கோணம் சுழலும். அதன் மூன்று முனைகளிலும் மெல்லிய பட்டைபோல சீல்கள். ஒரு சீல் உடைந்தாலும் இன்ஜின் காலி. புதுக்கோட்டையை விடுங்கள், சென்னையில் தேடினாலும் அதற்கு இன்னொன்று கிடைக்காது.

சும்மா ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு டர்போ வைக்கப்போகிறேன் என்று கிளம்பினார்.

"நல்லாத்தானே ஓடுது, எதுக்குங்க இந்த வம்பு?"

"இப்ப வேகம் ரொம்ப மேல போனாத்தான் இழுக்குது. டர்போ வச்சா கீழ இருந்தே தூக்கும், பாரு."

எட்டு மாதம் ஷெட்டிலேயே கிடந்தார். சோற்றுக்குக் கூப்பிட்டால் "இந்தா வாரேன்" என்பார், வரமாட்டார். டர்போ என்பது காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கிற விசிறி. காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். பெட்ரோல் குறைந்தால் உள்ளே நெருப்பு தப்பான நேரத்தில் வெடிக்கும், சீல் நொறுங்கும். இதெல்லாம் எனக்குப் புரிந்தது. நான் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுப்பவள்.

அதனால்தான் மாட்டிக்கொண்டேன். "டீச்சரம்மா, இது ஒங்க டிபார்ட்மென்ட்டு" என்று லேப்டாப்பை என் மடியில் வைத்தார். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று அதில் எண் ஓடும். அழுத்தி மிதிக்கும்போது பதினொன்றில் நிற்க வேண்டும். பன்னிரண்டைத் தொட்டால் பெட்ரோல் பத்தவில்லை என்று அர்த்தம், நான் 'போதும்' என்று சொல்ல வேண்டும். அவர் காலை எடுக்க வேண்டும். அவர் கண் ரோட்டில்தான் இருக்கும், எண்ணைப் பார்க்க முடியாது.

எனக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் போதும் என்று சொல்லி இந்த மனுஷன் எதை நிறுத்தியிருக்கிறார்? வாயே வலித்துவிட்டது எனக்கு. வீட்டில் போதும் போதும் என்று கத்துகிற ஆள் என்றே பேராகிப்போனது.

"சத்தியமா காலை எடுப்பீங்களா?"

"நீ சொல்லிப் பாரு. எடுக்காட்டி அப்பறம் கேளு."

வல்லத்திராக்கோட்டைக்கு அங்கிட்டு, பிளாட் போட்டு விற்காமல் கிடந்த மனைப்பிரிவில் நேர்கோடாக ஒரு தார் ரோடு உண்டு. வீடு கிடையாது, மஞ்சள் அடித்த கற்கள்தான். ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே போனோம். நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன்.

முதல் ஓட்டம் மெதுவாக. பதினொன்று. இரண்டாவது, இன்னும் கொஞ்சம் மிதித்தார். பதினொன்று, பதினொன்று புள்ளி இரண்டு. லேப்டாப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாவது ஓட்டத்தில் முழுக்க மிதித்தார். அம்மாடி! முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது, மஞ்சள் கற்கள் கோடாகிவிட்டன. டர்போ வீலென்று கத்தியது. அதற்கும் மேலே அவர் சிரித்தார். ஊர் திரும்பிய நாள் முதல் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. சின்னப் பையன்போல வாய்விட்டுச் சிரித்தார்.

எண் பதினொன்று புள்ளி எட்டு. பன்னிரண்டு.

பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். வாய் வரைக்கும் வந்தது. இந்த ஒரு தடவையாவது நிறுத்தாமல் இருப்போமே என்று தோன்றியது. பன்னிரண்டு புள்ளி நான்கு. இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும். லேபில் டைட்ரேஷன் செய்கிற பிள்ளைகளை, நிறம் மாறிய பிறகும் ஏன் சொட்டு விடுகிறாய் என்று காதைத் திருகுபவள் நான். பதின்மூன்று.

"போதும்!"

சட்டென்று காலை எடுத்தார். அதற்குள் டப்பென்று ஒரு சத்தம். வண்டி குலுங்கி, இருமி, நின்றது. சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் விர்ரென்று சுற்றியது. இன்ஜின் பிடிக்கவில்லை. இன்னொரு முறை திருப்பினார். பிறகு சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நான் அழுதேன். அவர் என் முதுகைத் தட்டினார். "ஏய், நீ எதுக்கு அழுவுற? ஒம்மேல என்ன தப்பு?"

வண்டியைக் கட்டி இழுத்து வந்த அன்று மதியமே லேப்டாப்பைத் திறந்தார். ஓடியதெல்லாம் அதில் பதிவாகியிருந்தது: எண் ஒரு கோடு, அவர் கால் மிதித்தது ஒரு கோடு. எண் பன்னிரண்டைத் தாண்டிய இடத்துக்கும் அவர் காலை எடுத்த இடத்துக்கும் நடுவில் இரண்டு விநாடிக்கு மேல் இருந்தது. அவர் அதை விரலால் அளந்து பார்த்தார். என் குரல் மட்டும் எந்தக் கோட்டிலும் இல்லை.

டெஸ்ட்டுக்கு முன்பே டேங்க்கில் இருந்த பழைய பெட்ரோல் பம்ப்பை மாற்றியிருக்க வேண்டும் என்று முனகினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒடனே எடுத்த மாதிரிதான் எனக்கு இருந்துச்சு. இவ்வளவு நேரம் மிதிச்சிருக்கேன். நீ சொல்லியும் நான் கேக்கல, அப்படித்தானே?"

ஆயுசுக்கும் என் பேச்சைக் கேட்காத மனுஷன், கேட்ட அந்த ஒரு நாளில், கேட்கவில்லை என்று தானே நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆமாங்க" என்றேன்.