வாசலில் நின்று குரல் கொடுத்தவர்

கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோது ஏழுமலையின் மகன் போன் செய்தான். "அப்பா பூட்டாருங்க. ஆஸ்பத்திரியிலருந்து வூட்டுக்கு எடுத்துகினு வர்றோம்." தூக்கிய ஷட்டரை அப்படியே இறக்கிப் பூட்டிவிட்டு அவர் ஊரான மானாம்பதிக்கு வண்டியை எடுத்தேன். பண்டிகை நாளில்கூடக் கடை மூடாதவன் நான். அது ஏழுமலைக்கும் தெரியும்.

உத்திரமேரூர் கடைத்தெருவில் அவரை மிலிட்டரி என்றால்தான் தெரியும். இலங்கையில் உள்நாட்டுப் போர் நடந்தபோது அங்கே போன நம் படையில் இருந்தவர். திரும்பி வந்து பயிர் வைத்தார். என் சைக்கிள் கடைக்கு டியூப் வாங்க வந்த முதல் நாள், படியேறாமல் தெருவில் நின்றுகொண்டே, "ஏழுமலை வர்றேன்!" என்று சத்தம் போட்டார்.

"வாங்க வாங்க, ராஜா வர்றாருன்னு கட்டியம் வேறயா?" என்றேன். சிரித்தார். ஆனால் நான் 'வாங்க' என்ற பிறகுதான் படியில் கால் வைத்தார். டீக்கடையிலும் அப்படித்தான், சொந்த வீட்டிலும் அப்படித்தான். அவர் மனைவி அஞ்சலை உள்ளேயிருந்து, "வாங்க, நான்தான் கீறேன்" என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் செருப்பைக் கழற்றுவார்.

முகாமைப் பற்றிக் கேட்டால் சண்டையைச் சொல்லமாட்டார். விடியுமுன் விசில், ஒரு குவளைத் தண்ணீரில் முகச்சவரம், மண் மூட்டை நிரப்புவது, துப்பாக்கியைத் துடைப்பது, காய்ந்தும் காயாத சாக்ஸை மறுபடி மாட்டுவது, இதுதான் அவர் சொல்லும் கதை. கூடாரத்தில் மற்றவர்கள் எல்லாரும் வடக்கத்திக்காரர்கள். "சப்பாத்தி, பருப்பு, மறுபடி சப்பாத்தி, மொதலாளி. சோறு போடற நாள்ல நான் முன்னாடி போய் நிப்பேன். மதராசிக்கு இன்னிக்கு தீபாவளின்னு ஓட்டுவானுங்க." ஊர்க் கடிதம் வந்தவன் உரக்கப் படிப்பானாம். அந்த மொழி தெரியாதவனும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பானாம்.

குரல் கொடுக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைக் கடையில் ஆள் இல்லாத ஒரு மத்தியானம் சொன்னார். முகாமை ஒட்டி ஒரு கிணறு. ஊர்ப் பெண்களுக்கும் அதுதான் தண்ணீர். விடிந்தும் விடியாத வேளையில் இவர் காவலில் நிற்கிறார். பனை மரங்களுக்கு இடையில் ஏதோ அசைகிறது. துப்பாக்கியைத் தூக்கிவிட்டார், விரல் விசையில் இருக்கிறது. "தம்பி, சுடாதேங்கோ! தண்ணி அள்ள வந்தனான்!" என்று ஒரு பெண்ணின் குரல்.

"மத்தது புரியறதுக்குள்ள 'தம்பி' புரிஞ்சிட்சி. துப்பாக்கி தானா எறங்கிட்சி. என் எடத்துல தமிழ் தெரியாத பையன் நின்னிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

அன்றே அதிகாரியிடம் பேசிவிட்டு, அந்தப் பெண்களிடமும் சொல்லிவைத்தார்: தூரத்திலேயே குரல் கொடுங்கள், பதில் வந்த பிறகு வாருங்கள். கூடாரத்து நண்பர்களுக்கு 'வாங்க' என்ற ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்தார். "அவனுங்க அதைச் சொல்ற அழகுக்கு, பொம்பளைங்க குடத்தோட நின்னு சிரிப்பாங்க. அந்த ஊர்ல நான் கேட்ட சிரிப்பு அதான்."

நான் விடவில்லை. "அது அங்க. உத்திரமேரூர்ல உன்னை யாருய்யா சுடப் போறான்?"

"சுடுவாங்கன்னு நான் கூவல, மொதலாளி. வர்றவனுக்கு அவன் யாருன்னு தெரியும். உள்ள கீறவனுக்குத் தெரியாது இல்ல? அந்த பயம் யாருக்கும் வேணாம்."

போன வருஷம் அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன். உயிர் தப்பியது, குரல் போயிற்று. சில நாள் கழித்து அஞ்சலை கடைக்கு வந்து கண்கலங்கினார். "வாசல்லயே வெயில்ல நிக்கறாருண்ணா. உள்ள வரமாட்றாரு. நானா எட்டிப் பார்த்தாத்தான் உண்டு."

எனக்குத் தெரிந்த வைத்தியம் கடைச் சரக்குதான். சைக்கிள் பெல் ஒன்றை எடுத்துப் போய் அவர் கையில் வைத்தேன். என்னைப் பார்த்தார், பெல்லைப் பார்த்தார். தெருவில் இறங்கி நின்று ஒரு முறை அடித்தார். உள்ளேயிருந்து, "வாங்க, நான்தான் கீறேன்." சத்தமே இல்லாமல் வாய் நிறையச் சிரித்தார். அதுமுதல் சட்டைப் பையில் பெல்லோடுதான் திரிந்தார்.

நான் மானாம்பதி போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் வந்துவிட்டிருந்தது. நாலு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு வேகமாக வாசலுக்கு வந்தார்கள்.

"நில்லுங்கப்பா" என்றேன். மகனிடம் பெல்லைக் கேட்டேன். ஆஸ்பத்திரிப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

"இன்னாண்ணா, கை வலிக்குது" என்றார் தூக்கி நின்றவர்களில் ஒருவர்.

அடித்தேன். உள்ளே அழுகை நின்றது. எல்லாரும் அப்படியே நின்றோம். பிறகு அஞ்சலையின் குரல் வந்தது.

"வாங்க. நான்தான் கீறேன்."

அப்புறம்தான் அவரை உள்ளே கொண்டுபோனோம்.

பெல் அஞ்சலையிடமே இருக்கிறது. அது அந்த வீட்டுப் பொருள். எனக்கு ஏழுமலை விட்டுப்போனது வேறு. இப்போதெல்லாம் கடை பூட்டி வீட்டுக்குப் போனால், கேட்டுக்கு வெளியே நின்று குரல் கொடுக்கிறேன். முதல் நாள் என் மனைவி, "இன்னாங்க, சாவி எடுத்துகினு போவலயா?" என்றாள். இப்போது உள்ளேயிருந்து பதில் வருகிறது. அது வரும்வரை நிற்கிறேன்.